கடைசிச் சீர்

தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். அன்பாக வைத்த பேர்தான். மூலையிலிருக்கும் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. நம்பர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் அவளுக்குச் சரிப்பட்டு வராது. "இருமல்காரர் எங்கே? கால் வீங்கின அம்மா எங்கே? நேத்து ஊசி போடாம ஓடிப்போன தம்பி எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். எதிர்ச் சாரி மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து வருகிறவர்களும் சிரித்துக்கொண்டேதான் வருவார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, "உனக்குத் தாடை வலிக்காதாடி?" என்று கேட்டால், "பேசாம இருந்தாத்தான் வலிக்கும்" என்பாள்.

அவள் கட்டிக்கொண்ட ஆள் டைல்ஸ் ஒட்டுகிறவர். தெரு அவருக்கும் ஒரு பேர் வைத்திருந்தது: ரசமட்டம். தரை மட்டம் பார்க்கிற அந்தச் சின்னக் கருவியைச் சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து வைத்ததே இல்லை என்பது ஒரு காரணம். ஆளும் அதே மாதிரி நேராக, சத்தமில்லாமல் இருப்பார் என்பது இன்னொரு காரணம். வீட்டில் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "உங்களுக்கு இன்னொரு ரொட்டி வேணும். வேண்டாம்னு சொல்லாதீங்க, முகத்தப் பாத்தாலே தெரியுது. சரி, வெச்சுட்டேன், சாப்பிடுங்க." கேள்வி, பதில், சமாதானம் எல்லாம் அவளே. அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார். இப்படியே குடித்தனம் ஓடி, மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மூளையில் ரத்தம் கட்டியது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு நின்றது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, ஆள் தெரிந்தது, ஆனால் ஆமாமும் இல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோயிருந்தன. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். அதையே திருப்பிக் கேட்டால் வேறு மாதிரி ஆட்டுவாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் படம் போட்ட அட்டைகள் கொடுத்தனுப்பியிருந்தாள். தண்ணீர் படத்தையும் கட்டில் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டையும் இடது கையால் தடவிக் கொடுத்தாள்.

வாய் இருந்தவள் வாயில்லாமல் போனாள். வாயே இல்லாதவர் பேச வேண்டியதாயிற்று. டைல்ஸ்காரருக்கு அதுதான் பெரிய தண்டனை. காலையில் வேலைக்குப் போகுமுன் கிழங்கும் கேரட்டும் வேகவைத்து மசித்துக்கொண்டே, "பசிக்குதா? உப்பு போட்டிருக்கேன். இன்னிக்கு மழை வரும்போல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பதில் வராது. பதிலே வராத வீட்டில் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அவரோடு அத்தனை வருஷம் அப்படித்தானே பேசியிருக்கிறாள் என்று ஒருநாள் தோன்றியது. கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் மாடியில் ஒரு டியூஷன் சென்டர். சந்து குறுகல், இந்த ஜன்னலும் அந்த ஜன்னலும் பேசிக்கொள்கிற தூரம். ஒரு சாயங்காலம் அவர் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தார். எதிரே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். டியூஷன் டீச்சர் அதட்டி, "ஒழுங்காச் சொல்லுங்க. பாடம், கூடம், மாடம்... அடுத்து? யாராவது? பாடம், கூடம், மாடம்..." என்றாள். பிள்ளைகள் முழித்தன.

"ஓடம்" என்றது ஒரு குரல்.

டைல்ஸ்காரர் கிண்ணத்தைக் கீழே போட்டார். சூப் காலில் கொட்டியது. சுட்டது கூட அப்புறம்தான் தெரிந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் இன்னும் கொஞ்சம் திறந்தே இருந்தது.

"என்னம்மா சொன்ன? இன்னொரு தரம் சொல்லு. ஓடமா? என்ன ஓடம்?"

அவள் தலையாட்டினாள். ஆமாமா இல்லையா தெரியவில்லை. அவர் கொட்டின காலோடு படியிறங்கி, சந்தைத் தாண்டி, மாடியேறி, செருப்பைக் கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் போய் நின்றார். டீச்சர் சின்னப் பெண். அவர் மகளைவிட இளையவள்.

"டீச்சர், இப்ப என்ன நடத்திட்டிருந்தீங்க?"

"எதுகைங்க. செய்யுள் உறுப்பு. ஏன், சத்தம் அதிகமா இருக்கா?"

"இல்ல, இல்ல. அத எனக்கும் சொல்லிக் குடுங்க."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சரும் சிரிக்கத்தான் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், கை இடுக்கில் சிமெண்ட் காயுமுன், கடைசி பெஞ்சில் அவர் ஆஜர். முழங்கால் பெஞ்சுக்கடியில் நுழையாது, பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை என்று டீச்சர் பலகையில் எழுதினாள். எழுத்து சேர்ந்தால் அசை, அசை சேர்ந்தால் சீர், சீர் சேர்ந்தால் அடி. கேட்கும்போது அவருக்கு எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. துண்டு, வரிசை, தரை, அவ்வளவுதானே என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து ஒன்று கட்டிப் பார்த்தால் காலை வாரியது.

"பாட்டுப் போடவா, எடுத்து வைக்கவா..." என்று சொல்லி நிறுத்தினார். தட்டு என்று அவள் முடிக்க வேண்டும். அவள் வாயே திறக்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் புகார் சொன்னார்.

"இரண்டாம் எழுத்து சரியாத்தானே இருக்கு டீச்சர்? பாட்டு, தட்டு."

"இரண்டாம் எழுத்து சரிங்க. ஆனா முதல் எழுத்தோட அளவு? பா நெடில், த குறில். ஒண்ணு நெடில்னா இன்னொண்ணும் நெடிலா இருக்கணும். பாட்டுக்கு மூட்டு வரும். தட்டுக்குச் சட்டி வரும்."

"அளவு மாறினா கோடு சேராது" என்றார் அவர்.

"அதேதான்!"

"டைல்ஸ் அங்கிள் பாஸ்!" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

மறுநாள் காலை, "சட்டி எறக்கியாச்சு, எடுத்து வையி..." என்றார். சொல்லும்போதே அவள் இடது உள்ளங்கையில் சீருக்கு ஒரு தட்டாக விரலால் தட்டினார். ரப்பர் சுத்தியலால் டைலை உட்கார வைக்கிற அதே தட்டு. கடைசித் தட்டுக்கு மட்டும் வார்த்தை விடவில்லை. அவள் நெற்றி சுருங்கியது. எங்கேயோ உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி, "தட்டு" என்றாள்.

அப்புறம் என்ன, மனிதருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சாரத்தில் நின்றாலும் முணுமுணுப்பு, பஸ்ஸில் தொங்கினாலும் முணுமுணுப்பு. "கண்ணு முழிச்சாச்சு, குடிக்கத் தரவா..." என்றால் அவள் "தண்ணி" என்பாள். "காத்து அடிக்குது, ஜன்னலைச்..." என்றால் "சாத்து." "காலை விடிஞ்சாச்சு, குடிக்கணும்..." என்றால் "பாலு." தையல்காரி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, கல்யாணமான நாளிலிருந்து அவகிட்ட நீங்க இத்தனை பேசி நான் பாத்ததில்லையே!"

"இப்பத்தான் பேச விடுறா" என்றார். அவர் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும். அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் சிரிப்பு அவளுடைய பழைய சிரிப்புதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடமும் சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். "சில பேருக்கு இப்படி வருங்க. ஓசையோட வர்ற வார்த்தை மூளையில வேற எடத்துலருந்து வரும். ஆனா ஒண்ணு, தானா வர்றது வேற, மனசுல நெனச்சுச் சொல்றது வேற. அத ஞாபகத்துல வெச்சுக்குங்க." அவர் முதல் பாதியைத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பாதியை நினைத்துப் பார்க்கக் காரணம் இல்லாமலில்லை. பாலு என்று கேட்டவள் பல நாள் அந்தப் பாலைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். சூடு அதிகமாயிருக்கும் என்று ஆற்றிக் கொடுத்தார். சர்க்கரை போதவில்லையோ என்று அள்ளிப் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் அந்த மழைநாள் வந்தது. பகலில் அவளுக்குத் துணையிருக்கும் தையல்காரி, தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள். டைல்ஸ்காரர் வேலையிடத்தில் இருந்தார். அவர் வீடு திரும்பியபோது அவள் குளியலறையில் கிடந்தாள். பளபளவென்று முகம் தெரிகிற டைல்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்று போடச்சொன்ன தரை. வழுக்கும் என்று அப்போது அவர் மெல்ல முனகினார். அவள் பேச்சில் அது காணாமல் போய்விட்டது. மதியம் விழுந்திருக்க வேண்டும். உடம்பு ஜில்லிட்டிருந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் நடமாட்டம், சந்தில் ஆள், சாயங்காலமானால் எதிர் மாடியில் அத்தனை பிள்ளைகள். கூப்பிட வாய் இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். அவர் தூக்கும்போது அவள் அழவில்லை. அவர் கழுத்தை இடது கையால் இறுக்கிக்கொண்டாள்.

மகள் மறுநாளே வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்குமுன்பே பேச ஆரம்பித்தாள். அம்மாவின் வாய் அவளுக்கு அப்படியே வந்திருந்தது.

"போதும்பா. நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல எந்நேரமும் ஆள் இருக்கு. ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். இங்க இப்படி ஒத்தையில கெடந்து..."

"தையக்கார அக்கா இருக்காங்கம்மா."

"இருந்துதான் விழுந்தாங்களே! அவங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல? நீங்க வேலைக்குப் போகாம இருக்க முடியுமா?"

அவர் அவளுடைய பையை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

"நீங்களும் வாங்கன்னு சொல்ல எனக்கு ஆசைதான். மாமாவும் அத்தையும் எங்ககூடத்தான் இருக்காங்க. ஒரு சின்ன ரூம்தான்பா காலியா இருக்கு. ஒரு கட்டில் போடலாம்."

"நான் எங்கம்மா வர்றது? கையில பாதி வேல நிக்குது. புது ஊர்ல என்னைய யாரு கூப்பிடுவா?" பிறகு, தரையைப் பார்த்தபடி, "அவள ஒரு வார்த்த கேக்கணும்" என்றார்.

"எப்படிப்பா கேக்குறது? நேத்து ஃபோன்ல கேட்டேன், தலையாட்டினாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. எதுக்கு ஆட்டினாங்க, யாருக்குத் தெரியும்?"

"கேக்குற மாதிரி கேட்டா சொல்லுவா. எனக்கு நாளைக்கு வரைக்கும் டைம் குடு."

மகளுக்கு எதுகையும் தெரியாது, மோனையும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்தவள். அப்பாவுக்கு மனசு சரியில்லை என்று நினைத்து, சரி என்றாள்.

மறுநாள் வேலையிடத்தில் அவருக்கு ஒரு குளியலறைத் தரை. குளியலறைக்கு மட்டும் மட்டமாகப் போடக்கூடாது. தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுக்க வேண்டும். வாட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அது வேலையே இல்லை. நின்று பார்த்தால் தரை சமமாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீருக்கு மட்டும் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நூல் கட்டி, அளந்து கொடுப்பார்கள். அவருக்கு அளவெல்லாம் வேண்டாம். உள்ளங்கை தானாக ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்திக்கொள்ளும். அன்றைக்கும் கை அதன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. வெளியே தூறல். அவர் வாய் வார்த்தைகளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது.

இங்கே. அங்கே. இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து ஒன்று, முதல் எழுத்து இரண்டிலும் குறில், அளவும் ஒன்று. அதைக் கண்டுபிடித்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். எது வேண்டுமோ அதை அவளே எடுத்துக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் பலவிதமாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று முட்டியது, ஒன்று தொங்கியது. கடைசியாக ஒன்று அழகாக உட்கார்ந்துகொண்டது. சிமெண்ட் பூசுகிற கரணையை வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் மகள் கட்டிலின் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். அவள் நடுவில், வாரிவிட்ட தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் இடது கையை எடுத்து விரித்து வைத்துக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கோ. நம்ம பொண்ணு உன்ன அவ வீட்டுக்குக் கூப்பிடுறா. அங்க உன்ன நல்லாப் பாத்துக்குவாங்க. இங்க நான் இருக்கேன், பகல்ல இருக்க மாட்டேன். உனக்கு எது வேணுமோ அதச் சொல்லு. யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் தட்டினார்.

"சங்கடம் வேண்டாம், சொல்லிவிடு. தங்குற இடம் இனி..."

கடைசித் தட்டு வெறுமனே விழுந்தது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கே" என்றாள் அவள்.

கணீரென்று வந்தது. இழுக்கவில்லை, திணறவில்லை. மகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "சரிம்மா, சரி, உன் இஷ்டம். எனக்கு உன் குரல் கேட்டதே போதும்மா." டைல்ஸ்காரர் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒன்றுமில்லாத அடுப்பைக் கொஞ்ச நேரம் துடைத்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மகள் குளியலறைக்கு ரப்பர் விரிப்பும், அழுத்தினால் சத்தம் போடுகிற மணியும் வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போனாள்.

அன்று டியூஷனுக்கு பிஸ்கட் பொட்டலத்தோடு போனார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டீச்சர், "என்னங்க விசேஷம்?" என்றாள். அவர் பெருமையை மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் அந்த இரண்டு வரியையும் பலகையில் எழுதினாள். கடைசிச் சீரையும் சேர்த்து.

"பாருங்க பிள்ளைங்களா, சங்கடம், தங்குற. அடிக்கு அடி எதுகை. எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! வேற என்ன இருக்கு, யாராவது கண்டுபிடிங்க."

முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். "மோனையும் இருக்கு மிஸ். இடம், இனி, இங்கே. எல்லாம் இ."

"அட, ஆமா! ஐயா, நீங்க சொல்லவே இல்லையே! மூணு சீர் வரிசையா மோனை. இவ்வளவு வந்தப்புறம் கடைசிச் சீர் இங்கேன்னுதான் வந்து நிக்கும். வேற வார்த்தை எடுக்காது. நல்ல கட்டுங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று இ-யையும் வட்டம் போட்டிருந்தாள். வட்டம் மூன்றும் ஒரே திசையில் வரிசையாகப் போயின.

"டீச்சர்" என்றார். "அங்கேன்னு வரணும்னா?"

"அங்கேக்கு மோனை அ-ல வரணும். ஆ, ஐ கூட வரலாம். அதெல்லாம் ஒரே இனம். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

பிஸ்கட் அவர் கையிலேயே நமத்துப்போயிருந்தது. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றா செய்தார்? யோசித்து யோசித்துப் பார்த்தார். இல்லை. அழகாக உட்கார்ந்தது என்றுதான் வைத்தார். ஆனால் கை அழுத்தியிருக்கிறது. நின்று பார்த்தால் சமம். தண்ணீருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் தையல்காரி கிளம்பினாள். அவர் சட்டையைக் கூட மாற்றவில்லை. அவள் கையை எடுத்து விரித்தார்.

"சங்கடம் வேண்டாம், சொல்லிவிடு. தங்குற அறை அது..."

"அங்கே."

அதே கணீர்க் குரல். அதே முகம்.

பழையதைச் சொன்னார். "இங்கே" என்றாள். புதியதைச் சொன்னார். "அங்கே" என்றாள். மறுபடி மறுபடி கேட்டார். எந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம். அவள் களைத்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். பாலு நினைவுக்கு வந்தது. தண்ணி, தட்டு, சாத்து. இத்தனை நாளும் இந்த வீட்டில் பேசினது ஒரே ஒரு ஆள்தான். அவர்தான் கேட்டு, அவர்தான் பதிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எந்தப் பாலை அவள் வேண்டாமென்று தள்ளினாளோ, அதற்குச் சர்க்கரை வேறு அள்ளிப் போட்டிருக்கிறார். அவளுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று, அவள் குளியலறையில் விழுந்து அவர் கழுத்தை இறுக்கிக்கொண்ட நாளில் தெரிந்த அளவுக்குக் கூட அவருக்கு இப்போது தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அவளுக்கெதிரே அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளுக்கு ஃபோன் போட்டார். அவராக ஃபோன் போடுவது அபூர்வம். எடுத்ததும் மகள் பயந்துபோனாள்.

"என்னப்பா? மறுபடி விழுந்துட்டாங்களா?"

"இல்லம்மா. நல்லாருக்கா. நான்... அன்னிக்கு இங்கேன்னு சொன்னாள்ல? அது அவ சொன்னதில்ல. நான் சொல்ல வெச்சது."

"என்னப்பா சொல்றீங்க? என் கண்ணால பாத்தேனே."

அவர் மோனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இடம், இனி என்றார். இனம் என்றார். பாதியிலேயே குழம்பியது. "வாட்டம் குடுத்துட்டேன்மா" என்றார் கடைசியாக. தொழில்காரர் மகளுக்கு அது புரிந்தது.

"சரிப்பா. இப்ப மட்டமா ஒண்ணு போடுங்க. ரெண்டு பக்கமும் சாயாம. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தார். எதிர் மாடியில் டியூஷன் விட்டுப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கிப் போயின. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். இ இருந்தால் எடுத்தார். அ இருந்தால் எடுத்தார். உ இரண்டிலும் சேராது, அதை வைத்தார். வேலையில் எத்தனையோ தரையை மட்டம் பார்த்திருக்கிறார். இதைப் போல எதையும் பார்த்ததில்லை. வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி, எந்தப் பக்கமும் ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் கையைக் கேட்டார். அவள் கொடுத்தாள்.

"சங்கடப்படாம பாத்துச் சொல்லு. தங்குற வீடு உனக்கு..."

கடைசித் தட்டு விழுந்தது. அவள் வாய் திறக்கவில்லை. நெற்றி சுருங்கியது. அவள் கண் சுவருக்குப் போனது, கட்டிலில் கிடந்த ஃபோனுக்குப் போனது, திரும்ப அவர் முகத்துக்கு வந்தது. அவர் இன்னொரு தரம் தட்டவில்லை. தட்டினால் அதுவும் சாய்த்துவிடுமோ என்று பயந்தார்.

"எங்கே" என்றாள்.

"அப்பா? என்ன சொன்னாங்க? எங்கேன்னா?"

"எங்கேன்னுதான்மா சொன்னா."

"கேக்குறாங்களா? எங்க போறதுன்னு நம்மளக் கேக்குறாங்களாப்பா?"

கட்டும்போது அவருக்கு அந்தச் சொல் ஞாபகமே வந்திருக்கவில்லை. இங்கே, அங்கே என்று இரண்டைத்தான் வைத்திருந்தார். மூன்றாவது ஒன்று அதே அளவில், அதே எழுத்தில், பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் அவள் வாயிலேயே கிடந்த சொல்.

"தெரியலம்மா. கேள்வியா, எதுகையான்னு எனக்குத் தெரியல."

மகள் அழுவது கேட்டது. "நீங்களே சொல்லுங்கப்பா. நீங்க என்ன சொன்னாலும் சரி. வரட்டுமா, வேண்டாமா?"

கட்டிலில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் எங்கே எங்கே என்று குரல் கொடுத்துவிட்டு, கூப்பிட்ட ஆள் எழுந்து வரட்டும் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவர் கையிலிருந்த தன் கையை உருவிக்கொண்டாள். அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, சிமெண்ட் ஏறிய அந்த உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினாள்.

"எங்கே?" என்றாள் மறுபடியும்.

தட்டிய விரலை எடுக்காமல் காத்திருந்தாள். நிரப்ப வேண்டியவர் இப்போது அவர். இங்கே என்றால் பொருந்தும். அங்கே என்றாலும் பொருந்தும். இரண்டும் நாக்கு நுனியில்தான் இருந்தன. இரண்டுக்கும் எழுத்து சரி, அளவு சரி. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

கட்டிலில் கிடந்த ஃபோனில் மகள், "அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.